பேச மறுக்கும் பழைய மேக்

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பு அனுப்புவது இன்று ஒரு வேலையே இல்லை. ஆனால் 1990ல் வந்த மேக்கின்டோஷ் கிளாசிக் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, அதில் இருக்கும் கோப்புகளைப் புதுக் கணினிக்கு மாற்ற முயன்றவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு வாரக் கதை சொல்வார். கேட்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "பழசைக் கட்டிக்கிட்டு ஏன் அழறீங்க? தூக்கிப் போடுங்க." அது சரியான பதில் இல்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. ஆப்பிள்டாக் என்ற வலையமைப்பு முறை 1985ல் வந்தது. ஆப்பிள்ஷேர் என்ற கோப்பு சர்வர் மென்பொருள் 1987ல் வந்தது. 1991ல் வந்த சிஸ்டம் 7, தனி சர்வர் இல்லாமலே வீட்டு மேக் ஒவ்வொன்றும் தன் கோப்புகளைப் பகிரலாம் என்றாக்கியது. வேகம் நொடிக்கு 230.4 கிலோபிட். ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும் கோப்பு போய்ச் சேர ஒரு நிமிடமாவது ஆகும். அன்றைக்கு அதுவே பெரிய வசதி.

சரி, இப்போது அது வேலை செய்யவில்லை. எங்கிருந்து தொடங்குவது? கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் கேபிள். பெட்டியின் பின்னால் பிரிண்டருக்கும் மோடத்துக்கும் ஒரே வடிவத்தில் இரண்டு துளைகள். பிரிண்டர் துளையில்தான் சொருக வேண்டும். சாதாரணத் தொலைபேசி ஒயரில் இணைப்பவர்கள், வரிசையின் இரு முனையிலும் மின்தடை வைத்த சின்னச் செருகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. இந்த மாதிரி கோளாறுதான் ஆளைப் பைத்தியமாக்கும்.

அடுத்தது சூசர். அதில் ஆப்பிள்டாக் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஆப்பிள்ஷேர் படமே தெரியவில்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷன் ஏறவில்லை. சர்வர் பெயர் தெரிகிறது, உள்ளே ஃபோல்டர் இல்லை என்றால், பகிர்வதாக யாரும் குறிக்கவில்லை. ஃபோல்டர் இருக்கிறது, கதவு திறக்கவில்லை என்றால், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது.

இவ்வளவும் சரி, இருந்தும் புது மேக் கண்ணில் பழைய மேக் படவில்லையா? அப்போது கோளாறு ஒயரில் இல்லை, மொழியில். 2009ல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6ல் ஆப்பிள்டாக்கையே எடுத்துவிட்டார்கள். பாட்டி பேசும் பாஷை பேரனுக்குத் தெரியாத கதை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.

அந்த மொழிபெயர்ப்பாளர்தான் நெட்டாடாக். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இலவச மென்பொருள். 2012ல் அதன் 3.0 பதிப்பு ஆப்பிள்டாக்கைக் கைவிட்டது. 2024ல் வந்த 4.0 பதிப்பில் அது திரும்ப வந்தது. காசு கொடுக்கிற வாடிக்கையாளர் இல்லாத ஒன்றுக்குத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து உயிர் கொடுத்தார்கள். ஆப்பிள் தன் விதிமுறைகளை அன்றே வெளியிட்டிருந்தது அதற்குப் பெரிய துணை. குர்ஷரன் சித்துவும் மற்ற இருவரும் எழுதிய 'இன்சைட் ஆப்பிள்டாக்' என்ற புத்தகம் 1989லேயே கடைக்கு வந்தது. ஒரு கணினி தனக்கென்று ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, "இந்த எண்ணில் வேறு யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒயரில் கேட்டுக்கொள்ளும் முறை வரை அதில் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். விண்டோஸ் கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் சம்பாவைத் தொடங்கியபோது, ஒயரில் ஓடும் பாக்கெட்டுகளை ஒட்டுக்கேட்டுத்தான் விதிகளை ஊகித்தார். முழு ஆவணம் சம்பா குழுவின் கைக்கு வந்தது 2007 டிசம்பரில், அதுவும் ஐரோப்பிய ஆணையம் 2004ல் உத்தரவிட்டு, 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு! ஒரு புத்தகத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

பழைய முறைகள் பாதுகாப்பில்லாதவை என்று சொல்வார்கள். உண்மைதான். 2017ல் வான்னாக்ரை பரவியதே எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதனால் பழைய மேக்கை இணையத்தில் விடாமல் தனி ஒயரில் வைப்பதே புத்திசாலித்தனம். ஆனால் "பயன்படுத்தாதே" என்பது வேறு, "எப்படி இயங்கியது என்றே யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பது வேறு.

ஒரு நிறுவனம் ஒரு பொருளை எத்தனை வருடம் விற்பது என்பது லாப நஷ்டக் கணக்கு. அதில் யாரும் தலையிட முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கடிதமும் கணக்கும் கதையும் வாங்கியவருடையவை. விற்பனையை நிறுத்துகிறவர்கள், போகும்போது சாவியையாவது திண்ணையில் வைத்துவிட்டுப் போகட்டும். வீட்டைத் திறக்க எவனாவது ஒருவன் வருவான்.