பாலிசி வாங்க பெரிய பட்டன்... விவரம் பார்க்க பூதக்கண்ணாடி!

சென்னை: மருத்துவக் காப்பீடு கம்பெனிகளின் இணையதளத்தை செல்போனில் திறந்தால், ‘பாலிசி வாங்குங்க’ என்ற பட்டன்தான் கொட்டை எழுத்தில் கண்ணைப் பறிக்கிறது. ஏற்கனவே உள்ள நோய்க்கு எத்தனை வருஷம் காத்திருக்கணும்னு தேடினால்? பல தளங்களில் பக்கம் பக்கமாக இங்கிலீஷ்தான். சுகர் உள்ள ஆட்டோ டிரைவர், ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் விஷயம் தெரிந்து தலையில் கை வைக்கிறார்.

இதற்கு வழி இருக்கிறது. எதற்கு பணம் கிடைக்கும், எதற்கு கிடைக்காது, எங்கே புகார் செய்யலாம் என்று சுருக்கமாகச் சொல்லும் தகவல் தாளை கம்பெனி கொடுத்தாகணும். கேட்டால் தமிழிலேயே தரணும். 2024 ஜனவரி 1 முதல் இது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. அந்தக் காத்திருப்பும் 3 வருஷத்தைத் தாண்டக்கூடாது.

புது பாலிசி கைக்கு வந்ததும் தாளைத் தமிழில் கேட்டு வாங்கிப் படிங்க. ஒத்துவரலைன்னா 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால், பிடித்தம் போக பணம் வந்துவிடும்.