வாப்பாவின் எம்.டி. 90ஐ குறையையும் சொல்லித்தான் விற்றோம்



25 வருஷத்துக்கு மேல் எங்கள் வாசலில் நின்ற ஹொண்டா எம்.டி. 90ஐ போன கிழமை விற்றுவிட்டோம். ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று செய்து, இங்கே ரீகண்டிஷனாக வந்த அந்தச் சிவப்பு பைக்தான். மூன்று கியர், கிளட்ச் பிடிக்கிற வேலை இல்லை. ஒயில் மாற்றிய திகதிகளையெல்லாம் வாப்பா ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். 2022இல் கியூ.ஆர். காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் எடுத்த நாட்களில் எங்கள் குடும்பமே அதில்தான் ஓடியது. இப்போது வாப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஒப்பரேஷனுக்குக் காசும் தேவை.

விற்கப் போகிறோம் என்றதும் இரண்டு ஆலோசனை வந்தது. ஒன்று, தடித்த ஒயிலை ஊற்றினால் காலையில் வரும் புகையும் எஞ்சின் சத்தமும் ஆள் பார்க்கிற நேரத்துக்குத் தெரியாது. மற்றது, பெயர் மாற்றத் தேவையில்லை, ஓபன் பேப்பரில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் போதும்.

வாங்க வந்தவர் ஊர் ஊராக மீன் விற்கிற ஒரு தம்பி. புகை, பின்னால் மாற்றிய ரிம், இரண்டாம் கியர் இறுக்கம் எல்லாவற்றையும் வாப்பாவே சொன்னார். கொப்பியையும் கையில் கொடுத்தார். தம்பி 15,000 ரூபா குறைத்துக் கேட்டார், கொடுத்துவிட்டோம். இறக்குமதி நின்றிருந்த 2020க்குப் பிறகான காலத்தில் பழைய பைக்குக்கு ஏறிய விலையைப் பார்த்தவர்கள் எங்களை ஏமாளிகள் என்கிறார்கள்.

நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். மனிதர்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். எஞ்சினுக்குள் ஊற்றுகிற தடித்த ஒயிலும் அந்த ஈரத்தை மறைக்கிற வேலைதானே? நடுவழியில் பைக் நின்றால் அந்தத் தம்பியின் ஒரு நாள் மீன் பழுதாகிவிடும்.

ஓபன் பேப்பரும் சின்ன விஷயமில்லை. நாளை அந்த பைக் விபத்தில் பட்டால், களவுக்குப் போனால், பொலிஸ் முதலில் தேடுவது புத்தகத்தில் பெயருள்ளவரைத்தான். மூன்று கை மாறிய பிறகு பழைய சொந்தக்காரரைத் தேடி அலைகிறவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்? வாங்குகிறவர் செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விற்கிறவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

நேற்று தம்பி வீட்டுக்கு வந்து, கியரைச் சரி பண்ணிவிட்டதாகச் சொன்னார். வாப்பா சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, “செயினைக் கொஞ்சம் இறுக்குங்க மகன்” என்றார்.

வாப்பாவின் கண்ணுக்காக துஆச் செய்யுங்கள்.