சிரித்தால் தப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி வாசகர் வட்டத்துக்கு என் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு 74 வயது. அன்று பேச்சு புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை பற்றி. அக்கா எழுந்து, "கடவுளையே பத்திரிகைக்குச் சந்தா கட்ட வைக்கிறாரே பிள்ளை, அந்த இடத்துல சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது" என்றாள். பேச வந்தவர், "அம்மா, அது சிரிப்பதற்கான கதை இல்லை. அப்படிப் படித்தால் வாரப் பத்திரிகைத் துணுக்காகிவிடும்" என்றார். அதற்குச் சிலர் சிரித்தார்கள்! அக்கா உட்கார்ந்துவிட்டாள். இந்த வாரம் நூலகத்துக்குக் கூப்பிட்டால், "எனக்கென்னடா தெரியும், நீ போய்ட்டு வா" என்கிறாள்.

எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. அந்தக் கதையைச் சிரிக்காமல் எப்படி ஐயா படிப்பது? பிராட்வே பக்கம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு நிற்கிறார் கடவுள். பிள்ளை அவரைக் காபி ஹோட்டலுக்கு அழைத்துப் போய், தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தாதாரர் ஆக்கிவிடுகிறார். ஆடிப் பிழைக்கலாம் என்று போன இடத்தில் கடவுளின் நடனமே எடுபடவில்லை. சிரித்து முடித்த பிறகுதான் நமக்குச் சுருக்கென்கிறது. சிரிக்காதவருக்கு அந்தச் சுருக் எங்கிருந்து வரும்?

சுலபமாகப் படிக்க முடிந்தால் இலக்கியம் இல்லை என்றும் சொல்கிறார்கள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் அகராதி பார்க்க வேண்டிய சொல் ஏதாவது உண்டா? சென்னையில் விடியுமுன் குடத்தோடு அடிபம்பு முன்னால் நின்றவர்களுக்கு ஜமுனாவை யாரும் விளக்க வேண்டாம். நானும் நின்றிருக்கிறேன். படிக்கும்போது தோள்பட்டை வலித்தது, புத்தகத்தைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை. அதுவும் இன்பம்தான்.

விறுவிறுப்பு இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. 'பொன்னியின் செல்வன்' 5 பாகத்தையும் 3 முறை படித்தவன் நான். நாலாவது முறை பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். (கல்கி ரசிகர்கள் மன்னிக்கவும்.) தி. ஜானகிராமனை அப்படித் தள்ள முடிவதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தும், அந்த மனுஷர்கள் பேசுவதைக் கேட்கவே திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.

நேற்று இரவு புதுமைப்பித்தனை அக்காவின் தலைமாட்டில் வைத்தேன். காலையில் பார்த்தால் புத்தகம் அலமாரிக்குப் போயிருந்தது. வரும் ஞாயிறு அந்த வட்டத்துக்கு மறுபடி போகிறேன். அக்கா சொன்னதையே நானும் எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.