பொன்னாடைக்குச் சேமநிதி கிடையாது

ஆசிரியர்களின் தொடக்கச் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்று சொன்னால் நம்மாட்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: “கவர்மெண்ட் வேலை, கடைசி வரைக்கும் பென்ஷன், இன்னும் என்னப்பா வேணும்?”

இந்தப் பதில் காலாவதியாகிவிட்டது. 2024 பிப்ரவரி 1 முதல் அரசு வேலையில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. தனியார் நிறுவனத்தில் பொறியியலாளராக இருக்கும் எனக்கு என்னவோ, அதேதான் அவர்களுக்கும்: ஊழியர் சேமநிதி.

பழைய ஏற்பாட்டில் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து ஓய்வூதியம் கணக்கிட்டார்கள். 30 ஆண்டு வேலை பார்த்தவருக்கு அதில் 60 விழுக்காடு, சாகும்வரை. ஆரம்பத்தில் குறைவாக வாங்கினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க ஒரு நியாயம் இருந்தது. சேமநிதியில் கணக்கு தலைகீழ். முதலில் போடும் பணம்தான் அதிகம் வளரும். 2023இன் இலாப ஈவு 5.5 விழுக்காடு. அதுவே ஒவ்வோர் ஆண்டும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 24 வயதில் போடும் 100 வெள்ளி 60 வயதில் ஏறக்குறைய 690 வெள்ளி ஆகும். 44 வயதில் போடும் அதே 100 வெள்ளி 235 சொச்சம்தான். தொடக்கச் சம்பளத்தில் பிடித்த கஞ்சத்தனம் முதுமைவரை துரத்தும்.

“அதான் ஏத்திட்டாங்களே!” என்பார்கள். ஆமாம், 2024 டிசம்பரில் 8 விழுக்காடு, 2026 ஜனவரியில் 7 விழுக்காடு. வரவேற்போம். ஆனால் விழுக்காட்டில் ஏற்றினால், ஆரம்பப் படியில் நிற்பவர் கைக்கு வருவது எப்போதும் குறைவு. அரசு ஊழியரின் குறைந்தபட்ச வருமானம் நிரந்தரப் படிகளோடு சேர்த்து 2,000 வெள்ளி என்றார்கள். பட்டதாரி ஆசிரியர் அதற்கு மேலேதான் தொடங்குகிறார் என்பதால் அந்த வரம்பால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

கெடாவிலிருந்து கிள்ளானுக்குப் போஸ்டிங் கிடைத்து வந்த என் தோழி, பள்ளி முடிந்ததும் டியூஷனுக்கு ஓடுகிறாள். வீட்டு வாடகை அதில்தான் போகிறது. இலக்கியம் படிக்கிற நமக்கும் இதில் நஷ்டம் உண்டு. கோ.புண்ணியவான், ம.நவீன், கே.பாலமுருகன் எல்லாருமே ஆசிரியர்கள். மலேசியத் தமிழ் எழுத்தில் பெரும்பங்கு ஆசிரியர்களின் மாலை நேரத்தில் எழுதப்பட்டது. அந்த மாலையையும் விற்றால்தான் வாடகை கட்ட முடியும் என்றால் அடுத்த தலைமுறையில் யார் எழுதுவார்கள்?

1956இல் ரசாக் அறிக்கை ஏற்கப்பட்ட மே 16ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் எடுத்து, பொன்னாடை போர்த்தி, ‘அறப்பணி’ என்று அரைமணி நேரம் பேசுகிறோம். சம்பளம் கேட்பவர் வாயை அடைக்க இதைவிட வசதியான சொல் தமிழில் இல்லை. பொறியியலாளரிடம் யாரும் அறப்பணி பற்றிப் பேசுவதில்லை. என்ன சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

கேட்பது ஒன்றுதான். ஓய்வூதியத்தை எடுத்துவிட்டீர்கள். அதன் மதிப்பை முதல் மாதச் சம்பளத்திலேயே வையுங்கள். விழுக்காடாக வேண்டாம், வெள்ளியாக வையுங்கள்.