அரிசியில் கலக்கும் சத்து: புனே விடுக்கும் எச்சரிக்கை

செறிவூட்டிய அரிசி பற்றிய விவாதம் பெரும்பாலும் இரும்புச்சத்தைச் சுற்றியே நடக்கிறது. இரத்தசோகை குறையுமா, அரிவாள் அணு நோயாளிகளுக்குத் தீங்கு நேருமா என்பன தேவையான கேள்விகளே. ஆயினும் அதே அரிசியில் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் கலக்கப்படுகின்றன. அவற்றின் விகிதத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது. பேச வேண்டிய காரணம் புனேயில் இருக்கிறது.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தலைமையிலான குழு, 1993இல் தொடங்கி, நகரை அடுத்த ஆறு கிராமங்களின் கருவுற்ற பெண்களையும் பின்னர் அவர்களுடைய பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தது. தாய்மாரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு பி12 குறைவு. ஃபோலேட் குறைவோ ஒரே ஒருவருக்குத்தான். இறைச்சி அரிதாகவும் கீரையும் பருப்பும் தாராளமாகவும் உண்ணும் ஊர்களில் இதில் வியப்பில்லை. பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது செய்த பரிசோதனைதான் வியப்பளித்தது. ஃபோலேட் மிகுந்து, பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடமே இன்சுலின் எதிர்ப்பு மிக அதிகமாகக் காணப்பட்டது. இம்முடிவு 2008இல் வெளியானது.

இந்த ஓர் உற்றுநோக்கு ஆய்வைக் கொண்டு ஃபோலிக் அமிலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. கருவின் நரம்புக்குழாய்க் குறைபாட்டை அது தடுப்பதை 1991இல் வெளியான மருத்துவச் சோதனை நிறுவிவிட்டது. அமெரிக்கா 1998 முதல் தானிய மாவில் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அமெரிக்கரின் தட்டில் இறைச்சியும் பாலும் ஏற்கெனவே இருந்தன. புனேயை அடுத்த கிராமத்தின் தட்டு வேறு.

இந்தியத் தரவிதியின்படி செறிவூட்டிய அரிசி ஒரு கிலோவில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம், பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு இதன்வழி கிடைக்கும் பி12, சமையலில் எதுவும் இழக்கப்படவில்லை என்றே கொண்டாலும், 0.4 மைக்ரோகிராமை எட்டாது. தேவையோ ஏறக்குறைய 2. ஒரு குவளைப் பால் இதைவிட மிகுதியாகத் தந்துவிடும். கருவுற்றோருக்கு அரசு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையின் நிலை இன்னும் விந்தையானது: ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம், பி12 அறவே இல்லை. எந்தச் சத்து மிகுதியாகக் குறைந்திருக்கிறதோ அதற்குச் சிட்டிகை. ஏற்கெனவே இருப்பதற்குக் கைப்பிடி.

அதே பிள்ளைகள் பதின்ம வயதை எட்டியபோது, நாளுக்கு 2 மைக்ரோகிராம் பி12 அளிக்கும் சோதனையைப் புனே குழுவே 2012இல் தொடங்கியது. கர்ப்பகால மாத்திரையில் அவ்வளவு பி12 சேர்க்க, அரிசியைப் போலப் புதிய கலவை ஆலைகள் எதுவும் தேவையில்லை. சேர்மான விதியில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அரிசிக்கான விகிதத்தை மறுபடி வகுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.