இங்க் காய்ஞ்சது... மண்டையும் காய்ஞ்சது!

ரெக்கார்டு சப்மிஷனுக்கு முந்தின நாள். ராத்திரி பதினொன்றரை மணி. காலேஜ் கேட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஷட்டரை இழுத்தாச்சு. ஹாஸ்டலே பதறிக்கிட்டிருக்க, நான் மட்டும் கெத்தாக கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். காரணம், என் ரூமில் சொந்தமாக ஒரு பிரின்டர்!

பிரின்ட் கொடுத்தேன். 'கர்ர்... புர்ர்...' என்று சத்தம். வெளியே வந்தது, பளிச்சென்று ஒரு வெள்ளைத் தாள்!

செமஸ்டர் லீவில் ஒரு மாசம் சும்மா கிடந்ததில் இங்க் காய்ந்து, ஹெட் அடைத்திருந்தது. க்ளீனிங் பட்டனை நாலு தடவை தட்டினேன். மிச்சமிருந்த இங்க்கும் அதிலேயே காலி. ரெக்கார்டு லேட், இன்டர்னலில் கை வெச்சுட்டாங்க. அதைவிட வலிச்சது, அந்த 2,800 ரூபாய் அப்பா ஓவர்டைம் பார்த்து அனுப்பின காசு. "பிரின்டர் நல்லா ஓடுதாப்பா?"னு போன்ல கேட்டார். "சூப்பரா ஓடுதுப்பா"னு புளுகினேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். வாங்குறதுக்கு முன்னாடி போட்டிருக்க வேண்டிய கணக்கு!

என் பிரின்டருக்குப் புது கறுப்பு கார்ட்ரிட்ஜ் 720 ரூபாய். அட்டையில் போட்டிருந்தது 120 பக்கம். அப்படின்னா பக்கத்துக்கு 6 ரூபாய், பேப்பர் காசு தனி! பொதுவா அந்தப் பக்கக் கணக்கே, தாளில் 5 சதவிகித இடத்தில்தான் இங்க் விழும் என்ற மாதிரி போடுறது. நம்ம கிராஃபும் சர்க்யூட் படமும் அதுக்குள்ளயா அடங்கும்? பிரின்டரோட சேர்ந்து வர்ற முதல் கார்ட்ரிட்ஜிலும் பல மாடல்களில் இங்க் கம்மியாதான் இருக்கும்.

சரி, வேற என்ன வழி?

இங்க் டேங்க்: பாட்டிலில் வாங்கி ஊத்திக்கலாம். பக்கத்துக்கு ஆகிற செலவு ரொம்பக் கம்மி, கலரும் வரும். ஆனா விலை ஜாஸ்தி. இதுவும் திரவ இங்க்தான். வாரத்துக்கு ஒரு பக்கமாவது ஓட்டணும், இல்லேன்னா என் கதிதான்.

கறுப்பு-வெள்ளை லேசர்: டோனர்ங்கிறது பிளாஸ்டிக் கலந்த பவுடர். அதைச் சூடு பண்ணித் தாளில் ஒட்டவைக்கிறாங்க. பவுடர் எங்கே காயறது? ரெண்டு மாசம் லீவு விட்டாலும் கவலையில்லை. கலர் வராது. சூடாக்க கரன்ட்டை ஒரே இழுப்பா இழுக்கும், அதனால சின்ன யூ.பி.எஸ்ஸில் மாட்டாதீங்க.

இப்போ முக்கியமான கணக்கு. லேசர் 12,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். டோனர், பேப்பர் சேர்த்துப் பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய். கடையில் 3 ரூபாய். பக்கத்துக்கு மிச்சம் ஒன்றரை ரூபாய்னா, போட்ட காசை எடுக்க 8,000 பக்கம் அடிக்கணும்! ரூமில் நாலு பேர், பாக்கி ஆறு செமஸ்டர். ஒரு செமஸ்டருக்கு ஆளுக்கு 333 பக்கம். நாங்க அடிக்கிறது 200 சொச்சம்தான். அதனால பக்கத்து ரூமையும் சேர்த்துக்கிட்டோம். எட்டுப் பேர்னா ஆளுக்கு 1,500 ரூபாய், 167 பக்கம். கணக்கு டேலி! உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. டேலி ஆகலையா? ஜெராக்ஸ் கடை அண்ணனே துணை. என்ன, ஷட்டர் இழுக்கிறதுக்குள்ள போயிடணும்.

கூட்டா வாங்குறவங்களுக்கு மூணு டிப்ஸ்: முதல்ல வார்டன்கிட்ட பர்மிஷன் வாங்கிடுங்க. பிரின்டர்ல ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, யார் எத்தனை பக்கம்னு எழுதுங்க. "ஒரே ஒரு பக்கம்டா மச்சி"னு வர்ற சீனியர் பேரையும் சேர்த்து! ஃபைனல் இயர் முடியறப்ப அது யாருக்குன்னு இப்பவே பேசிடுங்க. நட்பு முக்கியம் பாஸ்.

போன வாரம் அப்பாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சிரிச்சார். "கணக்கு கத்துக்கத்தானேடா காலேஜுக்கு அனுப்பினேன்!"