தராசை யார் பிடிப்பது?

வியாபாரத்தில் சர்க்கார் தலையிடாதிருந்தால் விலை தானாகவே நியாயமான நிலைக்கு வந்துவிடும் என்பது ஒரு வாதம். வாங்குவோரும் விற்போரும் பலராக உள்ள இடத்தில் இது ஓரளவு மெய்யே. ஜவ்வாது மலையில் இது பலிக்குமா?

அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் சாமை, புளி, தேன், கடுக்காய் விற்பவர்கள். ஊருக்கு வரும் வியாபாரி ஒருவரே என்றால், அவரிடமே முன்பணமும் வாங்கியிருந்தால், விலையும் அவருடையது, தராசும் அவருடையது. மறுப்பவர் மூட்டையோடு மலையிறங்க வேண்டியதுதான். இதையா சுதந்திரச் சந்தை என்பது?

சமவெளியிலும் இத்தொல்லை இருந்தது. பருத்தி, நிலக்கடலை விற்போர் எடையிலும் தரகிலும் ஏமாறாதிருக்கவே சென்னை மாகாணம் 1933-ல் வர்த்தகப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றியது.

அதற்காகச் சர்க்கார் செய்வதெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. வன மகசூலை ஏலம் விட்டு ஒரே குத்தகைதாரர் கையில் ஒப்படைத்ததும் சர்க்கார்தான். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே அதைச் சேகரித்து விற்கும் உரிமையை வனவாசிகளுக்கு அளித்தது. 2013-14-ல் புளி, தேன், கடுக்காய் முதலியவற்றுக்கு மத்திய அரசு ஆதரவு விலைத் திட்டமும் வகுத்தது.

ஆனால் காகிதத்தில் உள்ள விலை அடுப்பை எரிக்காது. புளி உலுக்கும் நாளில் கூட்டுறவுச் சங்கத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். பெட்டியில் ரொக்கம் இருக்க வேண்டும். முத்திரையிட்ட தராசும், வாங்க இரண்டாமவர் ஒருவரும் இருந்தால், முதல் வியாபாரி தாமாகவே விலையை உயர்த்துவார். போட்டி பிறக்க வழி செய்வதே சர்க்காரின் வேலை.